கீழே இழுக்கும் படகு, மேலே இழுக்கும் துணி

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நடந்தால் கண்ணுக்கு முன் காது வழி சொல்லும். கட்டிங் வீல் கீச்சிட்டால் ஃபேப்ரிகேஷன். தொம், தொம் என்று ஒரே சீராக விழுந்தால் பிரஸ் கடை. சத்தமில்லாமல் கூலன்ட் எண்ணெய் வாடை மட்டும் வந்தால் சி.என்.சி. நான் தேடிப்போனது கீச்சிடும் வகை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஆறு பேர், ஒரு பழைய லேத், ஒரு ராடியல் டிரில், இரண்டு வெல்டிங் மெஷின். வாசலில் டீ கிளாஸ்களுக்குப் பக்கத்தில், கழுத்து வளைந்த இரண்டு இரும்புக் குழாய்கள் சுவரில் சாய்ந்து நின்றன. தலைகுனிந்து நிற்கும் இரண்டு கொக்குகள் மாதிரி.

“இதுதான் சார் டேவிட்டு” என்றார் மேஸ்திரி. அறுபதைத் தாண்டியவர். “ஆர்டர் காகிதத்துல ‘டேவிட் - 2 நம்பர்’னு இருந்துச்சு. நம்ம வெல்டர் பையன் யாரோ ரெண்டு ஆளு வேலைக்கு வராங்கன்னு நெனச்சுட்டான்.”

ஒடிசாவிலிருந்து வந்து ஒன்பது வருடமாக இங்கே இருக்கும் அந்தப் பையன் முகமூடியைத் தூக்கிச் சிரித்தான். அவன் நினைத்ததில் பெரிய தப்பில்லை. கப்பல் ஓரத்தில் சிறுபடகைத் தொங்கவிட்டு ஏற்றி இறக்கும் கைக்கு இந்தப் பெயர், டேவிட் என்ற ஆள் பெயரின் பழைய பிரெஞ்சுச் செல்ல வடிவிலிருந்துதான் வந்தது என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள்.

கடல் அம்பத்தூரிலிருந்து எட்டாத தூரம். இங்கே படகு தூக்கும் கைக்கு என்ன வேலை? ஆர்டர் கொடுத்தது பூந்தமல்லிக்கு அப்பால் உள்ள ஓர் அடுக்குமாடியின் குடியிருப்போர் சங்கம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டபோது, காசிமேட்டு மீனவர்கள் ஃபைபர் போட்டுகளை லாரியில் ஏற்றிவந்து நகரத் தெருக்களில் ஆட்களை மீட்டதை அந்தக் குடியிருப்பில் இருப்பவர்கள் மறக்கவில்லை. 2023இல் மிக்ஜாம் புயல் வந்த பிறகு, அடுத்த முறை யாருடைய லாரிக்கும் காத்திருக்கக் கூடாது என்று பன்னிரண்டு அடி ஃபைபர் படகு ஒன்றை வாங்கிவிட்டார்கள். வாங்கிய பிறகுதான் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. பார்க்கிங்கில் வைத்தால் ஒருவருடைய காருக்கு இடம் போகும். அந்த ஒருவர் யார் என்பதில் சங்கம் இரண்டாகிவிடும். எனவே பக்கச் சுவரையொட்டி, ஸ்கூட்டர்களுக்கு மேலே, தூணில் பொருத்திய இரண்டு கைகளில் தொங்கட்டும் என்று முடிவானது. அது திறந்தவெளி என்பதால், வெயிலில் ஃபைபர் வெளுக்காமல் இருக்க அதே தூண்களிலிருந்து மேலே ஒரு துணிப் பந்தல். படகுக்கும் பந்தலுக்கும் ஒரே எலும்புக்கூடு.

மின்சார ஹாய்ஸ்ட் போடலாமே என்று கேட்டேன். மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. வெள்ளம் வந்தால் முதலில் போவது கரண்ட். அதனால் கைவின்ச்.

பட்டறையின் மூலையில் டிப்ளமோ முடித்த ஒரு பெண் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். இந்த ஆறு பேரில் ஃபார்முலா பேசுகிறவர் அவர் ஒருவர்தான். படகு 110 கிலோ. துடுப்பு, கயிறு, மிதவைச் சட்டைகள் எல்லாம் சேர்த்து 150. இரண்டு கைக்கும் பாதிப் பாதி என்று பங்கிட்டால் போதாதா என்றேன். “போதாது சார். இறக்கும்போது ரெண்டு பேரும் ஒரே வேகத்துல சுத்த மாட்டாங்க. ஒரு நேரம் முழு வெயிட்டும் ஒரே கைமேல வந்துடும்” என்றார். கையின் நீட்டம் 1.2 மீட்டர். பெருக்கினால் 180. தூணில் இரண்டு கிளாம்ப். நடுவே 60 சென்டிமீட்டர். 180ஐ அதால் வகுத்தால் 300. மேல் கிளாம்ப் 300 கிலோ பலத்தில் தூணைவிட்டுப் பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். கீழ் கிளாம்ப் அதே பலத்தில் தூணுக்குள் அழுத்தும். கைக்கு நீளம் கூடக் கூட, மேல் கிளாம்ப்பின் போல்ட்டுதான் அழும். வெல்டு போடும் இடத்தையெல்லாம் மூன்று முறை பார்த்துவிட்டு, காங்கிரீட்டில் போல்ட்டு இறங்கும் துளையைச் சரியாக ஊதிச் சுத்தம் செய்யாமல் விட்டதால் கழன்று வந்த வேலைகளை மேஸ்திரி பார்த்திருக்கிறார். துளைக்குள் தூசி இருந்தால் ஆங்கர் பிடிக்காது.

கப்பல் உலகம் படகுக் கணக்கைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது அதில் ஆக்சல் வெலின் என்ற ஸ்வீடன்காரர் வடிவமைத்த டேவிட்கள் 16 ஜோடி இருந்தன. ஒவ்வொரு ஜோடியும் ஒன்றுக்கு மேற்பட்ட படகுகளை அடுத்தடுத்து இறக்கக்கூடியது. ஆனால் மொத்தம் வைத்திருந்த படகுகள் 20. அவற்றில் இடம் 1,178 பேருக்கு. கப்பலில் இருந்தவர்களோ 2,200க்கும் மேல். கைகள் போதுமான அளவு இருந்தன, பிடிக்கத்தான் படகு இல்லை. அதன் பின் 1914இல் வந்த கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையின் வழித்தோன்றலான இன்றைய விதிகள், கப்பல் 20 டிகிரி பக்கவாட்டில் சாய்ந்தாலும் படகு இறங்க வேண்டும் என்கின்றன. கயிறும் சங்கிலியும் தாங்க வேண்டிய எடையைப் போல ஆறு மடங்குக்குக் குறையாத பலத்தோடு இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. அந்த ஆறை மட்டும் இந்தப் பெண் பூந்தமல்லிக்கு எடுத்து வந்துவிட்டார். அடுக்குமாடி சாயாது என்பது நம்பிக்கை.

“தூக்குறது பெரிய விஷயமில்ல” என்று மேஸ்திரி வின்ச்சை மேசைமேல் வைத்தார். “விடாமப் பிடிக்கிறதுதான் வேலை. எறக்கறது அதைவிடப் பெரிய வேலை.”

மூடியைக் கழற்றிக் காட்டினார். பல் சக்கரம் ஒன்று, அதன்மேல் விழுந்து தடுக்கும் இரும்பு நாக்கு ஒன்று. விலை குறைந்த வின்ச்சில் இவ்வளவுதான் இருக்கும். இறக்க வேண்டுமானால் நாக்கைத் தூக்கிவிட்டு, கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விட வேண்டும். கை நழுவினால் கைப்பிடி விசிறிபோல் சுழலும். சட்டைக் கையை மடித்து, முழங்கைக்குக் கீழே பிறைபோல் இருந்த தழும்பைக் காட்டினார். இருபது வயதில், வேறொரு பட்டறையில். “எலும்பு ரெண்டு துண்டு. அன்னிக்கு முதலாளி ஆட்டோவுக்குக் காசு குடுத்தாரு, அவ்வளவுதான்.”

இப்போது அவர் வாங்கும் வின்ச்சில் நாக்குக்குப் பக்கத்தில் இரண்டு உராய்வுத் தட்டுகள் உண்டு. சுமை இழுக்க இழுக்கத் திருகு இறுகித் தட்டுகளை நெரிக்கும். கைப்பிடியை எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். இறக்குவதற்கும் பின்பக்கம் சுற்றியாக வேண்டும். இந்தத் தட்டில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. “எல்லாத்துக்கும் எண்ணெய் போடுற கை இருக்கு பாருங்க, நம்ம ஊர் வாட்ச்மேன் கை, அதுதான் இதுக்கு எமன்” என்று சொல்லிவிட்டு, மூடியின்மேல் தமிழில் ‘எண்ணெய் விடாதே’ என்று பெயின்ட்டில் எழுதச் சொன்னார்.

வெல்டிங்கைச் சோதிப்பதை அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பையன் கழிவு ஓட்டைச் சுத்தியலால் தட்டி எடுத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தான். பிறகு சிவப்புச் சாயத்தை ஸ்ப்ரே செய்துவிட்டு டீ குடிக்கப் போனான். கால் மணி நேரம் கழித்து வந்து துணியால் சுத்தமாகத் துடைத்தான். இரும்பு பழையபடி இரும்பாகிவிட்டது. அடுத்து வெள்ளைப் பொடியை மெல்லிசாக அடித்தான். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெள்ளையின்மேல், கிளாம்ப்பின் இடது மூலையில், தலைமயிர் மொத்தத்தில் ஒரு சிவப்புக் கோடு மெதுவாக ஊறி வந்தது. விரிசலுக்குள் ஒளிந்திருந்த சாயம். அரை அங்குலம்கூட இருக்காது. யாரும் எதுவும் பேசவில்லை. பையன் கிரைண்டரை எடுத்து அந்த மூலையைத் தோண்ட ஆரம்பித்தான். அந்த நாள் கூலியில் அரை நாள் அந்த மூலைக்கே போயிற்று.

மிக்ஜாம் இந்தப் பட்டறையையும் விடவில்லை. எஸ்டேட்டில் பல பட்டறைகளுக்குள் அன்று தண்ணீர் புகுந்தது. இங்கே சுவரில் இடுப்புயரத்தில் இன்னும் ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது. லேத்தைத் தூக்க முடியாது. மோட்டார்களைக் கழற்றி, கூரைக் கர்டரில் இருந்த செயின் பிளாக்கில் ஒரே கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போனார்களாம். மூன்றாம் நாள் நீந்தாத குறையாக உள்ளே வந்தபோது, மோட்டார்கள் வௌவால்கள் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன, ஒன்றுகூட நனையாமல். வெல்டிங் மெஷின்கள்தான் போய்விட்டன. அதற்கு வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. ஒரு பெரிய கம்பெனியிலிருந்து வரவேண்டிய பில் 120 நாளாக நிற்கிறது என்றார் மேஸ்திரி. புகார் கொடுக்கலாமே என்றால், “குடுக்கலாம் சார். அப்புறம் ஆர்டர் யார் குடுப்பா?” இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது.

துணி வேலை ஆவடியில். ராணுவ உடைத் தொழிற்சாலை இருக்கும் ஊர் என்பதால் கனத்த துணி தைக்கத் தெரிந்த கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. வீட்டு முன்னறையிலேயே பெரிய தையல் மெஷின் போட்டிருந்த அந்த அம்மாவை மேஸ்திரி ‘அக்கா’ என்றார். அவர் மேஸ்திரியை ‘தம்பி’ என்றார். பதினான்குக்கு எட்டு அடி, பி.வி.சி. பூசிய துணி. வெட்டும்போது விளிம்பை நேராக வெட்டாமல் உள்பக்கமாக லேசாக வளைத்து வெட்டினார். நேராக வெட்டினால் கட்டிய பிறகு விளிம்பு தளர்ந்து காற்றில் படபடவென்று அடிக்கும், ஒரு மழைக்காலத்தில் கிழிந்துவிடும் என்றார். விளிம்பு மடிப்புக்குள் கயிறு வைத்துத் தையல். அடிக்கு ஒரு பித்தளை வளையம். இரும்பு வளையம் போட்டால் துரு வடிந்து துணியைத் தின்னும்.

எனக்குப் புரியாமல் இருந்தது, பந்தலைக் கம்பத்தில் கட்டும் கயிறு. படகைத் தூக்க ஆறு புரியில் முறுக்கிய எஃகுக் கம்பிக் கயிறு போட்டவர்கள், இங்கே சுண்டுவிரல் மொத்தத்துக்கும் குறைவான நைலான் கயிறு போடுகிறார்கள். மிச்சம் பிடிக்கிறார்களோ என்று நினைத்தேன். வரைபடப் பெண் கணக்கை என்னிடம் நீட்டினார். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த மாதிரி மணிக்கு 108 கிலோமீட்டர் காற்று என்றால், நொடிக்கு 30 மீட்டர். அதைத் தன்னாலேயே பெருக்கி, 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 540 நியூட்டன். சுமார் 55 கிலோ. துணியின் பரப்பு பத்து சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆக, மடித்தால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகக்கூடிய ஏழு கிலோ துணி, புயலில் அரை டன்னுக்கு மேல் தூக்கும். படகு கீழே இழுப்பது 150 கிலோ. துணி மேலே இழுப்பது அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அந்த இழுப்பைக் கம்பம் முழுதாக வாங்கினால் தூணோடு பெயர்ந்துவிடும். “அதனாலதான் கயிறு அறுந்துடணும் சார். துணி போனா அக்கா இன்னொண்ணு தைப்பாங்க.” சென்னைக்கு வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதைப் போட்டுப் பார்த்தால் ஒன்றரை டன்னைத் தாண்டுகிறது.

படகால் வரும் ஆபத்தும் வானத்திலிருந்துதான் வருகிறது. பந்தல் பறந்துபோன பிறகு மழை தொங்கும் படகுக்குள் நிரம்பும். நான்கு அங்குலம் தண்ணீர் நின்றாலே சுமார் 300 கிலோ கூடிவிடும். அதனால் தொங்கும்போது படகின் அடியிலுள்ள தக்கையைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். வெள்ளத்தில் இறக்கும்போது மறக்காமல் திரும்ப அடைக்க வேண்டும். இருட்டில், மழையில், பதற்றத்தில்.

பொருத்திய அன்று நானும் பூந்தமல்லி போனேன். படகுக்குப் பதில் 225 கிலோ மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டு, கம்பிக் கயிற்றில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டிருந்தார்கள். காலையில் கோடு அதே இடத்தில் இருந்தது. சங்கத்தின் செயலாளர், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர், கைப்பிடியைப் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு நடுவில் கையை எடுத்துப் பார்த்தார். நின்றது. மறுபடி சுற்றி மறுபடி கையை எடுத்தார். குழந்தைகள் கூடிவிட்டார்கள்.

மூட்டைகளை இறக்கிப் படகை மாட்டிய பிறகும் மேஸ்திரி கிளம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து படகின் ரப்பர் தக்கையை எடுத்தார். அதன் வளையத்தில் ஒரு முழம் மஞ்சள் நைலான் கயிற்றைக் கோர்த்து, மறுமுனையை வின்ச் கைப்பிடியில், கை வைக்கும் இடத்திலேயே முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். முடிச்சின்மேல் லைட்டரைக் காட்டி நுனியை உருக்கினார். “இனி அதை அவுக்காம யாரும் சுத்த முடியாது” என்று சொல்லிவிட்டு, டூல் பாக்ஸைத் தேடினார்.