குமாரலிங்கபுரத்துப் பச்சிலையும் ஆபரேஷன் தையலும்

அருப்புக்கோட்டையில் பஸ் மாறி ஊரைத் தாண்டிவிட்டால் கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல்தான். மழை பெய்தால் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும். வெயில் காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பருத்தி, குதிரைவாலி, மல்லி, நடுநடுவே பனை, மிச்ச இடமெல்லாம் சீமைக் கருவேலம். ஆறு என்று சொல்லிக்கொள்ள திருச்சுழிப் பக்கம் குண்டாறு இருக்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் மணல்தான் ஓடும்! ஆனால் மார்கழியில் போய்ப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பெல்லாம் பச்சை பிடித்து, வெறும் பொட்டல் என்று நாம் நினைத்த பூமி பூப்பூவாய்ச் சிரிக்கும்.

என் வீட்டுக்காரரின் அக்காவைக் கொடுத்திருக்கிற ஊர் குமாரலிங்கபுரம். மதினியின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். சிசேரியன். பிள்ளையைப் பார்த்துவிட்டு, மதினிக்கும் கைக்கு உதவியாக இருக்கலாமே என்று போன மார்கழியில் பத்து நாள் போய்த் தங்கினேன். வழியில் திருச்சுழியில் இறங்கி திருமேனிநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனேன். ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர் அது. பிள்ளை பெற்ற மேனி நல்லபடியாக ஆறணும் என்று வேண்டிக்கொள்ள, மேனியைப் பெயரிலேயே வைத்திருக்கிற சாமியை விட்டால் வேறு யார்?

மதினியின் மாமியார் எண்பதைத் தொடுகிறவர். வீட்டில் எல்லாருக்கும் அப்பத்தா. நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். காலையில் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார். இந்தக் காட்டில் எது மருந்து, எது விஷம் என்று அவருக்குத் தெரியாத செடி கிடையாது.

முதலில் காட்டியது வெட்டுக்காயப் பூண்டு. நீளக் காம்பின் உச்சியில் சின்னதாய் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்திருக்குமே, சின்னப் பிள்ளைகள் நகத்தால் சுண்டித் தலையைத் தெறிக்க விடுவார்களே, அதேதான். "அருவா பட்டா இதாந் தாயி டாக்டரு. கசக்கிப் பிழிஞ்சு விட்டா ரத்தம் நின்னுபோகும்" என்றார். எலிகளிடம் செய்த சில சோதனைகளிலும் இதன் சாறு காயம் ஆற உதவியதாகத் தெரிந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பிரதேசம். கப்பலேறி வந்த செடி நம் வரப்பில் குடியேறி, நம் பாட்டிகளின் கைவைத்தியத்திலும் ஏறிவிட்டது. அப்பத்தாவிடம் சொன்னேன்; நம்பவே இல்லை.

அப்புறம் குப்பைமேனி, உப்பும் மஞ்சளும் சேர்த்து அரைத்து சிரங்குக்குப் பூச. ஆவாரை, குளியல் பொடிக்கு. வேலியோரம் சோற்றுக்கற்றாழை. ஓர் இடத்தில் தரையோடு படர்ந்து கிடந்த கொடியைக் காட்டி, "இது ஆடுதீண்டாப்பாளை. ஆடே வாய் வைக்காது" என்றார். கரப்பானுக்கு இதை அரைத்துப் பூசுகிற வழக்கம் உண்டு. இதில் இருக்கிற ஒருவகை அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்று இப்போது தெளிவாகிவிட்டது. பச்சிலை என்றால் கெடுதல் இருக்காது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அதற்காகச் சொல்கிறேன். எருக்கம்பாலும் அப்படித்தான்; தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆபரேஷன் ஆகி எட்டாம் நாள். தையலின் ஒரு ஓரத்தில் லேசாகச் சிவந்து, துணியில் நீர் பட்டிருந்தது. மகள் பயந்துபோய் அம்மாவிடம் காட்டினாள். அப்பத்தா அதற்குள் ஒரு கைப்பிடி வெட்டுக்காயப் பூண்டைப் பறித்து வந்து அம்மியில் வைத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டார், கொஞ்சம் மஞ்சளும் சேர்த்து. மதினிக்கு மனசில்லை. ஆனால் முப்பது வருஷமாக மாமியார் பேச்சை மீறாதவர். "அத்தை, நீங்க சொல்லுங்களேன்" என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி நான்; பெரியவருக்கு எதிரே என்ன பேசுவது? "அப்பத்தா, நர்ஸம்மாவைக் கூப்பிட்டிருக்கோம். அவங்க ஒருதரம் பார்த்துரட்டுமே, பூண்டு எங்கேயும் ஓடிப்போயிராது" என்று மட்டும் சொன்னேன். அம்மிக் குழவி நின்றது.

கிராம சுகாதார நர்ஸ் அடுத்த தெருவிலேயே இருந்ததால் சீக்கிரம் வந்துவிட்டார். அவர் அப்பத்தாவை அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஆத்தா, அருவா வெட்டுன்னா மேலாப்புல படுறது. இது அப்படியா? தோலு, கொழுப்பு, சவ்வுன்னு அடுக்கடுக்கா வெட்டி, கர்ப்பப்பை வரைக்கும் போய்த் தைச்சிருக்காக. நமக்குத் தெரியிறது மேலே ஒரு கோடுதான். மேலே வைக்கிற இலையில மண்ணு இருந்தா, ஆட்டுச் சாணி பட்டிருந்தா, கிருமி உள்ளே இறங்கிரும்" என்றார். காய்ச்சல் பார்த்துவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பஸ் குலுங்கும் என்று ஆட்டோ வைத்துக்கொண்டு போனோம். டாக்டரம்மா ஒரு ஓரத்தை அழுத்தித் தேங்கிய நீரை எடுத்துவிட்டு, சுத்தம் செய்து கட்டி, மாத்திரை கொடுத்தார். இரண்டு நாள் விட்டு வந்திருந்தால் தையலே விட்டிருக்கும் என்றார். அப்பத்தா அன்றைக்கு ராத்திரி கஞ்சி குடிக்கவில்லை, கோபம்!

நம் மாநிலத்தில் 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுக் கணக்கில் நூறு பிரசவத்துக்குக் கிட்டத்தட்ட 45 சிசேரியன். ஆகவே இந்த அம்மிச் சண்டை எல்லார் வீட்டுக்கும் வரக்கூடியதுதான். ஊருக்குத் திரும்பியபின் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கென்று ஒரு காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். கண்டுபிடித்ததாகப் பெயர் போட்டிருந்த இருவருமே இந்திய வம்சாவளியினர்! நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு, அப்போது டாக்டர் மஷேல்கர் தலைமையில், பழைய நூல்களையும் 1953-ல் இந்திய மருத்துவச் சங்கப் பத்திரிகையில் வந்த கட்டுரையையும் காட்டி வாதாடியது. 1997-ல் காப்புரிமை ரத்தாயிற்று. நாமெல்லாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த வழக்கில் ஜெயித்தது "இது புதுசில்லை, எங்கள் பாட்டிக்கே தெரியும்" என்பது மட்டுமே. புதுத் தையலில் மஞ்சள் அப்பலாம் என்று அங்கே யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. அதிலும் கடை மஞ்சள் பொடியில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயத்தைச் சேர்த்துப் பிடிபட்டதெல்லாம் உண்டு. குழம்புக்கே யோசிக்க வேண்டியிருக்கிறது, புண்ணுக்கா?

கற்றாழை விஷயம் என்னை இன்னும் ஆச்சரியப்படுத்தியது. 1991-ல் அமெரிக்காவில், சிசேரியன் போன்ற வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு தையல் பிரிந்து புண்ணான 21 பெண்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்குச் சராசரி 53 நாளில் ஆறியது. கற்றாழை ஜெல்லும் சேர்த்துப் போட்டவர்களுக்கு 83 நாள் ஆயிற்று! சின்ன ஆராய்ச்சிதான், வெயிலில் கன்றிய தோலுக்கும் லேசான தீச்சுடலுக்கும் கற்றாழை குளிர்ச்சி தருவது வேறு விஷயம். ஆனால் ஆழமான ஆபரேஷன் புண்ணுக்கு "குளிர்ச்சிதானே, போட்டால் என்ன" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுவும் வேலியில் வெட்டியதும் வடிகிற மஞ்சள் பால் தோலை அரிக்கக்கூடியது.

அப்படியானால் ஆஸ்பத்திரிக்காரர்கள் பச்சிலையைத் தொடுவதே இல்லையா என்றால், தொடுகிறார்கள். மும்பையில் டாக்டர் மாதுரி கோரே என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் வாழை இலையையே புண்ணுக்குக் கட்டாகப் பயன்படுத்தினார். தீக்காயக்காரர்களுக்குத் தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவி எடுத்து வேறு இடத்தில் ஒட்டுவார்கள் அல்லவா? சீவிய தொடையில் போடுகிற கட்டைப் பிரிக்கும்போதுதான் உயிர் போகும் வலி. பட்டாசு வேலைக்கு ஆள் போகிற இந்த ஜில்லாவில் அந்த வலி தெரிந்த குடும்பங்கள் உண்டு. வாழை இலையின் மேற்புறம் மெழுகு தடவினாற்போல இருப்பதால் புண்ணில் ஒட்டுவதில்லை. பிரிக்கும்போது வலி குறைவு, செலவும் சொற்பம். 2003-ல் இதைப் பற்றி தீக்காய மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டிருக்கிறார்கள். அதற்கு முன் 1985-லேயே பம்பாயில் உருளைக்கிழங்குத் தோலை வேகவைத்துக் கட்டியிருக்கிறார்கள். அம்மை வார்த்தவர்களை வாழை இலையில் படுக்க வைத்த நம் பெரியவர்களுக்கு இது புதுசாக இருக்காது.

ஆனால் கவனியுங்கள். தோட்டத்து இலையை அப்படியே அறுத்து வைக்கவில்லை. கழுவித் துடைத்து, கட்டுத்துணியில் ஒட்டி, ஆபரேஷன் கத்தி கத்தரியை வைக்கிற நீராவிப் பெட்டியில் வைத்துக் கிருமி நீக்கி, அதன் பிறகே புண்ணில் வைக்கிறார்கள். அம்மியில் தட்டுவதால் இந்தக் காரியம் நடக்காது. மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற ரணஜன்னிக் கிருமியின் வித்து சாதாரணமாகக் கொதிக்க வைத்தால்கூடச் சாவதில்லை. பிள்ளையின் தொப்புள் கொடியில் சாம்பலும் சாணியும் வைத்த காலத்தில் எத்தனை சிசுக்களை ஜன்னிக்குப் பறிகொடுத்தோம்! தாய்க்குத் தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், சுத்தமான கொடி என்று பாடுபட்டுத்தான் 2015-ல் நம் நாடு தாய்-சிசு ரணஜன்னியை ஒழித்ததாக அறிவிக்க முடிந்தது. தொப்புளில் இப்போதும் எதுவும் வைக்காமல் உலர்வாக விடுவதே நல்லது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து இருந்தால் அது மட்டும்.

வல்லாரையையும் சொல்லிவிடுகிறேன். அதன் சத்தைப் பிரித்தெடுத்துச் செய்த களிம்பை பிரான்சில் வெகு காலமாகப் புண்ணுக்கும் தழும்புக்கும் விற்கிறார்கள். தோலுக்கு உறுதி தருகிற கொலாஜனை அது கூட்டுவதாகச் சொல்கிறார்கள். அது அளவிட்டுத் தயாரித்த மருந்து, அதுவே சிலருக்கு அலர்ஜி ஆவதும் உண்டு. மேலும் வல்லாரை ஈரம் கண்ட இடத்துச் செடி. குமாரலிங்கபுரத்தில் அதற்கு எங்கே போக?

புது அம்மாக்களுக்கு, எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு டாக்டரம்மா சொன்னதையே சொல்கிறேன். தையல் முழுக்க மூடி, பொருக்கெல்லாம் உதிரும் வரை அதன் மேல் எண்ணெய், பொடி, பச்சிலை, விபூதி எதுவும் கூடாது. கை கழுவிவிட்டே தொட வேண்டும். குளித்ததும் சுத்தத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. வயிறு மடிகிற இடமானால் வியர்வை தேங்காமல் காற்றுப் பட விட வேண்டும். வேட்டியை இறுக்கிக் கட்டி மூடி வைத்தால் வேக்காடுதான். சிவப்பு பரவினாலும், சூடாக வீங்கினாலும், சீழோ வாடையோ வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், தையல் வாய் திறந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதை. அவர்களுக்கு ஆறுவது தாமதம், வலி தெரியாமலே சீழ் வைப்பதும் உண்டு.

நன்றாக ஆறிய பிறகு, ஆறு வாரம் கழித்து டாக்டர் பார்த்துச் சரி என்றால், தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ விரல் நுனியில் தொட்டு, தழும்பை வட்டமாக மெல்ல நீவி விடலாம். இழுப்பும் அரிப்பும் குறையும். அந்த வேலையை இப்போது அப்பத்தாதான் செய்கிறாராம், வேறு யாரையும் விடுவதில்லையாம்! தழும்பு தடித்துக் கயிறு மாதிரி எழும்புகிறவர்களுக்கு மருந்துக் கடையில் சிலிகான் ஜெல், சிலிகான் பட்டை கிடைக்கிறது. தோல் டாக்டர்கள் முதலில் சொல்வது அதைத்தான். தழும்பு வெளுத்துத் தணிய ஒரு வருஷம்கூட ஆகும். அதற்குள் அவசரப்பட்டு எலுமிச்சை, பேக்கிங் சோடா என்று தேய்த்தால் தோல் கறுத்துப் போகும்.

அப்பத்தாவின் கோபம் மறுநாளே தணிந்துவிட்டது. அவர் பறித்து வந்த முருங்கைக் கீரையும், பூண்டு தட்டிப் போட்ட குதிரைவாலிக் கஞ்சியும் அந்தப் பெண்ணுக்குத் தினமும் நடந்தன. புண் ஆறப் புரதம் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதால் முட்டையும் பருப்பும் கூடச் சேர்ந்தன. முப்பது வருஷப் பத்தியத்தில் முட்டையைச் சேர்க்க வைத்தது மதினிதான். அதை மட்டும் மாமியாரிடம் அவரே வாய் திறந்து சொன்னார்.