ஏறுகிற இடத்தைப் பார்!

2018 ஆடிப்பெருக்கு. பல வருஷம் கழித்துக் காவிரியில் கரை தொட்டுத் தண்ணீர். ஜூலையிலேயே மேட்டூர் அணை 120 அடியை எட்டிவிட்டது. சென்னையிலிருந்து திருவையாறு பக்கம் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போயிருந்தோம்.

நீச்சலில் மெடல் வாங்கிய என் 14 வயது மகனுக்கு ஒரே ஆசை. “படித்துறையில ஒரே கூட்டம் தாத்தா. மதகுகிட்ட யாருமே இல்ல. அங்க குளிக்கலாம்!”

அப்பா மறுக்கவில்லை. எங்களை மதகடிக்கு அழைத்துப்போனார். காய்ந்த வாழைமட்டை ஒன்றை, நுரைத்துக்கொண்டிருந்த தண்ணீரில் வீசினார். அது ஆற்றோடு போகவில்லை. முங்கியது, எழுந்தது, மறுபடி மதகுப் பக்கமே திரும்பி வந்தது. ஐந்து நிமிஷம் பார்த்தோம். அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

“விழுற தண்ணி அடியில போகுது. மேல இருக்கிற தண்ணி பின்னால திரும்புது. மனுஷன் விழுந்தாலும் இதே கதைதான். நுரையில பாதி காத்து. கை அடிச்சாலும் பிடிமானம் இருக்காது.”

பிறகு கரையைக் காட்டினார். கண்ணுக்கெட்டிய தூரம் நாணலும் சேறும்தான்.

“எங்க இறங்கலாம்னு பார்க்காதேப்பா. எங்க ஏறுவேன்னு பாரு. அது தெரியலைன்னா இறங்காதே.”

“பயந்துட்டேன்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க தாத்தா...”

30 வருஷமாக அப்பாவிடம் மறைத்ததை அப்போதுதான் சொன்னேன். 16 வயதில், தோழிகளின் கேலிக்குப் பயந்து இதே இடத்தில் இறங்கினேன். எனக்கும் நல்லா நீச்சல் தெரியும். இரண்டு முறை உள்ளே இழுத்தது. மூன்றாவது முறை, கரையிலிருந்து யாரோ வீசிய புடவை கையில் சிக்கியது. முழங்கைத் தழும்புக்கு, “வேலியில கிழிச்சுக்கிட்டேன்” என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

அப்பா எதுவும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

அன்று மகன் படித்துறையில், இடுப்பளவுத் தண்ணீரில் சொம்பால் மொண்டு ஊற்றிக் குளித்தான். காப்பரிசியை ஒரு பிடி பிடித்தான்.

அதே ஆகஸ்ட் 22 அன்று, முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. டி.வி.யில் பார்த்தவன், “கட்டடத்தையே தூக்கிடுச்சேம்மா!” என்றான்.

ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை. காலமெல்லாம் துடுப்புப் பிடித்தவர்களும் அன்று கரையில்தான். வெளிநாடுகளில் ஆற்றுப் பாய்ச்சலில் படகு விடும் வீரர்கள்கூட, மோசமான இடம் வந்தால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடந்து கடக்கிறார்கள். அவர்களை யாரும் கோழை என்பதில்லை. நீச்சல் தெரிந்தால் மட்டும் போதாது. வேண்டாம் என்று திரும்பவும் தெரிய வேண்டும். அதையும் தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். உள்ளே போன பிறகு முடிவு நம் கையில் இல்லை.

இப்போது எந்த ஆற்றுக்கு, அருவிக்குப் போனாலும் என் மகன் முதலில் கேட்பது ஒன்றுதான்: “எங்கம்மா ஏறுறது?”