உட்பகை

சில திங்களுக்கு முன் ஒருநாட் காலை நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். நேராக ஓட வேண்டிய அச்சுவரி நடுவே வளைந்து தோன்றியது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், வரி நிமிரவில்லை. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடக்கண்ணுக்கு மட்டுமே அவ்வளைவு தெரிந்தது. இளமை முதல் எழுத்தையே துணையாகக் கொண்டு வாழ்ந்த எனக்கு நெஞ்சு நடுங்கியது.

அன்றே கண் மருத்துவரை நாடினேன். அவர் ஆய்ந்து பார்த்து, முதுமையின் காரணமாக விழித்திரையின் அடியில் வேண்டாத குருதிக்குழல்கள் முளைத்துள்ளன என்றும், அவற்றினின்று கசியும் நீரால் எழுத்து வளைந்து தோன்றுகின்றது என்றும் கூறினார். "ஐயா, கண்ணுள் ஊசிமருந்து செலுத்த வேண்டும். முதன்முதல் புற்றுநோய்க்கென ஆக்கப்பட்ட மருந்து இது; அஞ்ச வேண்டா" என்றார். கண்ணுக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்று வினவினேன். என் பேரன் வயதொத்த அம்மருத்துவர் அன்று எனக்கு ஆசிரியரானார். அவர்பால் கற்றதையும், பின்னர் நூல்களால் அறிந்ததையும் ஈண்டு எழுதுகின்றேன்.

நம் உடலின் உயிரணுக்கள், குருதி கொணரும் உயிர்வளியாலும் உணவாலும் வாழ்வன. புற்றுநோய்க் கட்டியும் இவ்விதிக்குப் புறம்பானதன்று. 1960ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிந்த ஜூடா ஃபோக்மன் என்னும் இளம் மருத்துவர், உடலினின்று பிரித்து உயிரோடு காக்கப்பட்ட முயலின் சுரப்பியில் புற்றணுக்களை இட்டுப் பார்த்தார். அவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளர்ந்து, அவ்வளவில் நின்றுவிட்டன. அவற்றையே உயிருள்ள எலியின் உடலில் வைத்தபோது, கட்டி விரைந்து பெருத்தது. புதிய குருதிக்குழல்கள் வந்து சேராவிடில் கட்டி பெருக இயலாது என்று 1971இல் அவர் பாஸ்டன் நகரிலிருந்து எழுதினார். அறிஞர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். சிலர் நகைக்கவும் செய்தனர். அவர் தம் ஆய்வைக் கைவிட்டாரல்லர்.

அக்குழல்களை வரவழைப்பது யாது? இவ்வினாவின் விடையில் ஒரு பகுதி நம் மரபணுக்களில் கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆய்ந்த மைக்கேல் பிஷப், ஹெரால்டு வார்மஸ் ஆகியோர், கோழிக்குப் புற்று விளைக்கும் வைரஸ் ஒன்றன் மரபணு, நோயற்ற பறவைகளின் உயிரணுக்களிலும் இயல்பாகவே உள்ளது என்று 1976இல் காட்டினர். இதற்காக 1989இல் நோபெல் பரிசும் பெற்றனர். 1982இல், மனிதரின் சிறுநீர்ப்பைப் புற்றில் ராஸ் என்னும் மரபணுவின் ஓரெழுத்து மட்டும் மாறியிருந்தமை கண்டறியப்பட்டது. மரபணு என்பது நான்கே எழுத்துகளால் ஆகிய சுவடி அன்றோ? 'ஒளி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஒழி' என்று எழுதிய மாணவரை எத்தனையோ முறை திருத்தியிருக்கின்றேன். ஓரெழுத்துப் பிழை சொல்லின் பொருளைக் கெடுப்பதை அறிவேன். அஃது உயிரையும் கெடுக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஆயினும் ஒரு பிழை மட்டும் பெரும்பாலும் புற்றினை விளைப்பதில்லை. பல பிழைகள் சேர்ந்தே விளைக்கும்.

இயல்பான ராஸ், 'வளர்க' என்னும் ஏவலை வேண்டும்போது உரைத்துப் பின் அடங்குவது. பிழைபட்ட ராஸ் ஓயாது ஏவிக்கொண்டே இருக்கும். அதனால் உயிரணு பெருகுவதோடு நில்லாது, வி.இ.ஜி.எஃப். என்னும் புரதத்தையும் மிகுதியாகச் சுரக்கின்றது என்பது 1995இல் வெளியான ஆய்வால் விளங்கியது. அப்புரதம் அருகிலுள்ள குருதிக்குழல்களை அடைந்து, அவற்றைக் கட்டியை நோக்கிக் கிளைவிடச் செய்கின்றது. மற்றொருபால், பி53 என்னும் காவல் மரபணு கெடுமாயின், குழல் வளர்ச்சிக்கு இருந்த தடையும் தளர்கின்றது. வீட்டில் பிறந்தவனே கள்வனுக்குக் கதவு திறந்து, சோறும் படைப்பது போன்றது இது.

பகைவர் கோட்டையை முற்றுகையிடுதலை நம் முன்னோர் உழிஞை என்றனர். கட்டிக்குச் செல்லும் உணவைத் தடுக்கும் மருத்துவமும் ஒருவகை உழிஞையே. கலிபோர்னியாவில் நெப்போலியோன் ஃபெராரா குழுவினர் 1989இல் அப்புரதத்தைப் பிரித்தறிந்து வெளியிட்டனர். அதனைப் பற்றிக்கொண்டு செயலறச் செய்யும் பெவசிசுமாப் என்னும் மருந்து, பரவிய பெருங்குடற் புற்றுநோய்க்கென 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது நோயாளர் பலரின் வாழ்நாளைச் சில திங்கள் நீட்டியது. நோயை அடியோடு களையவில்லை. ஒரு வாயிலை அடைத்தால் கட்டி வேறு வாயில் தேடுகின்றது. முற்றுகை இன்னும் முடிந்தபாடில்லை.

என் கண்ணில் குழல்களை முளைப்பித்ததும் அதே புரதமே. மூன்று ஊசிகளுக்குப் பின், வளைந்த வரி பெரிதும் நிமிர்ந்தது. காலந்தாழ்த்தியிருந்தால் இக்கட்டுரையை எழுதியிரேன்.

புண் ஆறுங்கால் புதுத்தசைக்குக் குருதி கொணர்வதும், கருவிலுள்ள குழவியை வளர்ப்பதும் இக்குழல் வளர்ச்சியே. ஆகவே இதனை முற்றும் பகையென வெறுத்தலும் தகாது. நமக்கு உயிரளித்த ஆற்றலே இடமும் அளவும் தவறியபோது பகையாகின்றது. உட்பகை என்னும் சொல்லுக்குப் பல்லாண்டுகள் வகுப்பில் பொருள் உரைத்தேன்; அதன் முழுப்பொருளை, பணி ஓய்வுக்குப் பின், என் இடக்கண் எனக்கு உரைத்தது.