சொட்டுகிற வால்வு

புது கீசர் மாட்டிய வீட்டிலிருந்து ஒரு வாரத்துக்குள் போன் வந்துவிடும். "ஏந்தம்பி, கடையில புதுசா வாங்கித்தானே மாட்டுனோம், அடியில சொட்டுதே?" என்பார்கள். பித்தளையில் சின்னதாக ஒரு வால்வு, அதன் பக்கவாட்டில் ஒரு மூக்கு. சொட்டுவது அங்கேதான். "தண்ணி சூடாகும்போது சொட்டுனா நல்லதுங்க" என்று பதில் சொல்வேன். கேட்பவருக்கு நம்பிக்கை வராது. காசு வாங்கிக்கொண்டு போனவன் சாக்குச் சொல்கிறான் என்றே படும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் பிளம்பிங், வயரிங் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவன் நான். சுவரைத் துளைப்பதும் பைப் இழுப்பதும் கையில் படிந்த வேலை. அந்தச் சொட்டை வீட்டார் அடைக்காமல் வைத்திருக்கும்படி செய்வதுதான் பெரும்பாடு.

எங்கள் பக்கம் வெந்நீர் என்றால் முன்பு கொல்லைப்புறத்து அடுப்பும் அண்டாவும்தான். பருத்திமார், மக்காச்சோளக் கட்டை, சீமைக்கருவேல விறகு என்று எது கிடைத்தாலும் எரியும். கொஞ்சம் வசதியான வீட்டில் நடுவில் கரி போடுகிற செம்பு பாய்லர் இருக்கும். எல்லாமே வாய் திறந்த பாத்திரங்கள். மறந்துபோய்க் கொதிக்க விட்டால் ஆவி போகும், தண்ணீர் குறையும், கிழவி திட்டுவாள், அவ்வளவுதான். மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருக்கிற வீடுகளில் பாருங்கள், டேங்குக்கு மேல் ஒரு குழாய் வானத்தைப் பார்த்து நிற்கும். அதுவும் திறந்த வாய்தான். குளியலறைச் சுவரில் தொங்குகிற கீசருக்கு அப்படி ஒன்று கிடையாது. பச்சைத் தண்ணீர் போக ஒரு வழி, வெந்நீர் வர ஒரு வழி. வெந்நீர்க் குழாயைத் திருகி மூடிவிட்டால் அது முழுக்க மூடிய கலம்.

25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடாக்கினால் அது பெருக்கிற அளவு அரை லிட்டரைத் தாண்டும். அந்த அரை லிட்டருக்கு உள்ளே இடமில்லை. தண்ணீரை அமுக்கவும் முடியாது. வந்த வழியே மேல்தொட்டிக்குத் திரும்பலாமே என்றால், தொட்டி காலியானால் கீசரும் காலியாகி, சூடாக்குகிற காயில் எரிந்துவிடும் என்பதற்காக அந்த வழியில் ஒருவழித் தடுப்பை வைத்திருக்கிறார்கள். அந்தத் தடுப்பு இருப்பதும் அதே பித்தளை வால்வுக்குள்தான். தொட்டி பத்தடி உயரத்தில் இருக்கிற வீட்டில் அழுத்தம் 0.3 பார்தான். காயில் ஓடத் தொடங்கினால் அது மளமளவென்று ஏறும். கம்பெனி குறித்த அளவை (பெரும்பாலும் 8 பாரை ஒட்டி இருக்கும்) தொட்டதும் வால்வு உள்ளிருக்கும் ஸ்பிரிங்கைத் தள்ளி, சொட்டுச் சொட்டாக விடும். அது ஒழுகல் இல்லை. ஒவ்வொரு முறையும் அந்த வால்வு தன் வேலையைச் செய்து காட்டுகிறது.

இது சாதாரண நாளில் நடப்பது. தெர்மோஸ்டாட்டின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டு, மின்சாரம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் அடுத்த காவல் கட்-அவுட். அதுவும் கைவிட்டால் இந்த வால்வு. அதற்கும் பின்னால் உருகிவிடுகிற ஒரு பிளக் உண்டு. குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் சேஃப்டி பிளக் போகிறதே, அது மாதிரி. இத்தனை அடுக்கு ஏன் என்றால், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது திறந்த பாத்திரத்துக்கான கணக்கு. 6 பார் அழுத்தத்தில் 160 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் தண்ணீராகவே கிடக்கும். அந்த நிலையில் டேங்கின் வெல்டிங் விட்டால் அழுத்தம் சட்டென்று விழும், உள்ளே இருப்பதில் ஒரு பங்கு அதே நொடியில் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு பெருக்கும். கீசர் வெடித்துக் கூரை பிய்ந்தது என்று படிக்கிற செய்திகளுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான், கரண்ட் இல்லை.

இவ்வளவும் தெரியாமல் அந்த மூக்கை அடைக்கிறார்கள். ஒரு வாடகை வீட்டில் எம்-சீல் உருட்டி வைத்து அடைத்திருந்தார்கள், மேலே சைக்கிள் டியூப் சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கி. வேலை அவ்வளவு நேர்த்தி. கீழே வாளி வைப்பது அசிங்கமாக இருக்கிறது, டைல்ஸில் வெள்ளைக் கறை படிகிறது என்றார்கள். கறை படிவது உண்மைதான். வேறொரு வீட்டில், ரிப்பேருக்கு வசதி என்று கீசருக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு பால் வால்வைப் போட்டிருந்தார் எவரோ. அதைத் திருப்பி மூடிவிட்டால் கீசருக்கும் சேஃப்டிக்கும் தொடர்பே அறுந்துபோகிறது. அடைப்பு வால்வு வேண்டுமானால் தொட்டிப் பக்கம் போடலாம், கீசருக்கும் சேஃப்டி வால்வுக்கும் இடையில் எதுவும் வரக்கூடாது. இன்னொன்று, கடையில் கிடைத்த ஏதோ ஒரு வால்வை மாட்டுவது. 6.5 பார் தாங்கும் டேங்குக்கு 8 பாரில் திறக்கிற வால்வு எதற்கு? இரண்டின் மேலும் எண் பொறித்திருக்கும். டார்ச் அடித்துப் படிக்க ஒரு நிமிடம் ஆகும்.

திட்டிப் பிரயோசனமில்லை என்பதால் சொட்டுக்கு ஒரு வழி செய்து கொடுத்துவிடுகிறேன். வால்வின் மூக்கிலிருந்து ஒரு குழாயை, எங்கும் மேலேறாமல் சரிவாக இறக்கி, தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்கு ஒரு சாண் மேலே திறந்தபடி விடுவேன். சாக்கடைக் குழாய்க்குள் செருகி மறைத்துவிட மாட்டேன். சொட்டு கண்ணில் பட வேண்டும். பிரிட்டனில் 1980களின் நடுப்பகுதி வரை இந்த மாதிரி மூடிய வெந்நீர்க் கலத்தை வீட்டில் வைக்கவே அனுமதி இல்லையாம். பரண் மேல் திறந்த தொட்டிதான். பிறகு அனுமதித்தபோது, வால்விலிருந்து வரும் தண்ணீர் இடைவெளி விட்டு ஒரு புனலில் கண்ணெதிரே விழ வேண்டும், அங்கிருந்து ஆள்மேல் படாத இடத்துக்குக் குழாய் போக வேண்டும், தகுதி பெற்றவர்தான் மாட்ட வேண்டும் என்று விதி வைத்தார்கள். சிங்கப்பூரிலும் லைசென்ஸ் உள்ள பிளம்பர்தான் இதைத் தொடலாம் என்று அங்கே வேலை பார்த்துத் திரும்பிய எங்கள் ஊர்ப் பையன்கள் சொல்வார்கள். நம் ஊரில் கீசர் பெட்டியைத் திறந்து மாட்டுகிறவனிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஐ.எஸ். 2082 என்ற இந்தியத் தரக்குறியீடு கீசரோடு வருகிறது. மாட்டுகிற கைக்கு அப்படி எந்த முத்திரையும் இல்லை.

எங்கள் மாவட்டங்களில் இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. மனிதர் அடைக்காவிட்டாலும் தண்ணீரே அந்த மூக்கை அடைத்துவிடும். அரியலூர் ஒரு காலத்தில் கடலாகக் கிடந்த நிலம். கோடிக்கணக்கான ஆண்டு பழைய அந்தக் கடலின் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரசு ஆலையும் தனியார் ஆலைகளுமாக இத்தனை சிமெண்ட் ஆலைகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ரோட்டில் லாரி லாரியாகப் போவதும், போர்வெல் தண்ணீரில் கரைந்து கீசருக்குள் வருவதும் ஒரே சரக்குதான். பெரம்பலூர்ப் பக்கம் பாறை வேறு, ஆனாலும் ஆழ்துளைத் தண்ணீர் உப்புக்கும் கடினத்துக்கும் குறைவைப்பதில்லை. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை பொறுக்கலாம் என்பது தர அளவு. சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத வீடுகளுக்கு நான் போகும்போது எந்த எண்ணும் தேவைப்படுவதில்லை, குழாய் வாயைப் பார்த்தாலே போதும்.

இந்தச் சுண்ணாம்பு பச்சைத் தண்ணீரில் கரைந்து சும்மா கிடக்கும். சூடேறினால் பிரிந்து படியும். 60 டிகிரிக்கு மேல் போனால் வேகமாகப் படியும். காயிலின் மேல் முதலில் மாவு மாதிரி, அப்புறம் ஓடு மாதிரி. ஓடு கட்டிய காயில் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து வெடிக்கும். அதே படிவு வால்வின் இருக்கையில் உட்கார்ந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். சரியாக மூடாமல் இரவு பகலாக ஒழுகும், அல்லது திறக்கவே மாட்டாமல் இறுகும். கீசரை அணைத்து ஆறிய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால் அது முதல் வகை, அதற்கு என்னைக் கூப்பிடுவார்கள். இரண்டாவது வகைக்கு யாரும் போன் செய்வதில்லை. சொட்டு நின்றுவிட்டதே, நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிடுவார்கள்.

அதனால் நான் வைக்கிற குமிழ் 60 டிகிரியைத் தாண்டாது. கோடையில் மேல்தொட்டித் தண்ணீரே மதியம் கைபொறுக்காத ஊரில் அதற்கு மேல் எவருக்கு வேண்டும்? வால்வில் உள்ள குட்டி நெம்பியை மாதம் ஒருமுறை, கீசர் ஆறியிருக்கும்போது, தூக்கிவிடச் சொல்வேன். சர்ரென்று தண்ணீர் வந்தால் வழி திறந்திருக்கிறது. வரவில்லை என்றால் மெயினை அணைத்துவிட்டு ஆள் வரும்வரை தொடக்கூடாது. ஆண்டுக்கொருமுறை காயில் மாட்டிய பிளேட்டைக் கழற்றினால் சட்டி நிறையச் சுண்ணாம்பு விழும். கூடவே இருக்கிற மெக்னீசியம் கம்பி, டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைத்தது. அது பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். கொள்ளிடத்துத் தண்ணீர் வருகிற வீட்டில் அதற்கெனத் தனித் தொட்டி இருந்தால் கீசருக்கு அந்த லைனை இழுத்துக் கொடுப்பேன். குடிக்கிற தண்ணியைக் குளிக்கவா என்று வீட்டம்மா முறைப்பார். முறைப்பும் நியாயம்தான்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெடிப்பு அபூர்வம், ஷாக் அப்படியில்லை. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியரை நெருங்கி இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சுவிட்ச் குளியலறைக்கு வெளியே. இதில் பேரம் கிடையாது. பிளக்கில் மூன்றாவது துளை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எத்தனையோ வீடுகளில் அந்த வயர் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடும். பெரம்பலூர்க் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், எர்த் குழியில் போட்ட உப்பும் கரியும் காய்ந்து கிடக்கும், கொஞ்சம் தோண்டினால் பாறை. ஒரு பல்பை எடுத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பிடிப்பேன். நியூட்ரலில் எரிகிற அதே வெளிச்சம் வர வேண்டும். மினுக்கினால் எர்த் சாகக் கிடக்கிறது. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே விழுகிற ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் பல்பு எரியும் முன்பே அது டப்பென்று விழும். ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும், எர்த்தின் தரத்தைத் தனியாக மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சுவரைப் பொறுத்தவரை, நிரம்பிய 25 லிட்டர் கீசர் முப்பத்தைந்து கிலோவை ஒட்டி வரும். ஒன்பது அங்குலச் சுவரில் ஆங்கர் போல்ட் போதும். ஹாலோ பிளாக்கில் போல்ட் பிடிக்காது, ஓட்டை வெற்றிடத்தில் போய் நிற்கும், மறுபக்கம் தகடு வைத்து இழுத்துக் கட்ட வேண்டும். வெந்நீர் லைனுக்கு 93 டிகிரி தாங்குகிற சிபிவிசி. வெள்ளை யூபிவிசி போட்டால் இளகித் தொங்கும்.

எல்லாம் முடிந்தும் சுவிட்ச் போட மாட்டேன். வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, காற்று கக்கிக் கக்கி வந்து தண்ணீர் ஒரே சீராக விழும்வரை நிற்பேன். வெந்நீர் வெளியேறுகிற வழி உள்ளே டேங்கின் உச்சியில் இருக்கிறது, அங்கே வந்தால்தான் டேங்க் நிரம்பியதாகக் கணக்கு. காலி டேங்கில் காயில் ஓடினால் சில நிமிடத்தில் கதை முடிந்துவிடும்.

வீடு மாறுகிறவர்கள் பழைய கீசரைத் தூக்கி வருவார்கள். மாட்டித் தருவேன், வால்வு மட்டும் புதிது வாங்கி வரச் சொல்வேன். "நல்லாத்தானே இருக்கு தம்பி, அதையே போட்டுடேன்" என்பார்கள். சில நூறு ரூபாய்ச் சமாசாரம், ஆனாலும் பேச்சு நீளும். வாங்கவில்லை என்றால் கீசரைச் சுவரில் தொங்கவிட்டு, தண்ணீர் கனெக்‌ஷன் கொடுக்காமல் கிளம்பிவிடுவேன். வாங்கிவிட்டால், கழற்றிய வால்வை என் பையில் போட்டு எடுத்து வந்துவிடுவேன். அங்கேயே விட்டால் இன்னொரு வீட்டில் யாராவது அதைத் துடைத்து மாட்டிவிடுவார்கள்.