சூரியனுக்குப் போட்டவர்

ஆக்லாந்து நகரத்துச் சான்ட்ரிங்ஹாம் வீதியில், 2025 மே மாதத்து மழைக்கு ஒதுங்கி, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் சிறு சாப்பாட்டுக் கடைக்குள் நான் நுழைந்தபோது, இடியப்பமும் சொதியும் தவிர வேறெதையும் எதிர்பார்க்கவில்லை. ஈழத்து அரசியல் தனக்குக் கேளாமலே தெரியும் என்று எண்ணும் மதுரைக்காரர்களில் நானும் ஒருவன்.

எதிரே அமர்ந்திருந்த முதியவர், "தம்பி, நான் 77இல் சூரியனுக்குப் போட்டனான்" என்றதும், நம்மூர்க் கட்சி அபிமானி ஒருவர் கடல் கடந்து வந்திருக்கிறாரே என்று பூரித்து, அவ்வருஷம் தமிழ்நாட்டில் சூரியன் இரட்டை இலையிடம் தோற்ற கதையை நான் அனுதாபத்தோடு பிரஸ்தாபிக்க, அவர் சிரித்த சிரிப்பில் சொதி சிந்திற்று. அவருடைய உதயசூரியன் தமிழர் விடுதலைக் கூட்டணியுடையது. 18 ஸ்தானங்களை வென்று கொழும்பில் பிரதான எதிர்க்கட்சியாகவே வீற்றிருந்த சூரியன்!

பின்னர் உட்பூசலில் சூரியன் கைவிட்டுப் போக, 2004இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தமிழரசுக் கட்சியின் 'வீடு' சின்னத்தில் 22 ஸ்தானங்களைப் பெற்றதையும், முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்த எட்டே மாதத்தில், அந்த யுத்தத்தை நடத்திய தளபதி சரத் பொன்சேகாவின் அன்னச் சின்னத்துக்கே வாக்களிக்கும்படி அதே கூட்டமைப்பு கேட்டதையும் அவர் சொல்லி வந்தபோது, இடியப்பத்தைப் பிசைந்த என் விரல்கள் நின்றுவிட்டன. "ஜனாதிபதி மகிந்தவை விழுத்த வேறை வழி இருக்கேல்லை. சனமும் போட்டது."

"நான் போன நவம்பரிலை திசைகாட்டிக்குப் போட்டிட்டுத்தான் பிளேன் ஏறினனான்" என்று பக்கத்து மேசை இளைஞன் குறுக்கிட்டான். யாழ்ப்பாணத்தின் ஆறு ஸ்தானங்களில் மூன்றைத் திசைகாட்டிச் சின்னத்துத் தேசிய மக்கள் சக்தி கைப்பற்றிய அதிசயம் அந்த 2024 தேர்தலில்தான் நிகழ்ந்தது.

முதியவர் வெகுண்டார். வீடு, சைக்கிள், சங்கு என்று சின்னம் சின்னமாகத் தமிழர் வாக்குச் சிதறியதால் வந்த வெற்றி அது என்றும், இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்க நீதிமன்றம் போய் 2006இல் வென்ற ஜே.வி.பி.யே திசைகாட்டியின் தாய்க்கட்சி என்றும் அடுக்கினார்.

"2006இலை நான் பள்ளிக்கூடப் பொடியன், ஐயா. நீங்கள் இஞ்சை இருந்து வீட்டைக் காக்கிறியள். நாங்கள் அங்கை வேலையில்லாமல் இருந்தனாங்கள்."

என் மனம் இளைஞன் பக்கம் சாய்ந்தது. ஆனால் சாகும்வரை சின்னம் மாறாத என் பெரியப்பாவை நாங்கள் உத்தமர் என்றே கொண்டாடுகிறோம் என்பது நினைவுக்கு வர, வாயைத் திறவாமல் சம்பலைத் தொட்டுக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கைச் சட்டத்தில் இடமில்லை. பல்லாண்டுகளாக ஒரு சீட்டிலும் புள்ளடி போடாத இந்த முதியவரின் விசுவாசத்தைச் சோதிக்கத் தேர்தல் ஒன்றும் இல்லை.

இளைஞன் போன பிறகு, திசைகாட்டிக்குப் போட்ட தங்கையோடு தாம் மாதக்கணக்கில் பேசாதிருந்ததை அவர் தணிந்த குரலில் சொன்னார். அம்மாத உள்ளூராட்சித் தேர்தலில் அவள் வீட்டுக்கே போட்டாளாம்.

"மனம் திரும்பிவிட்டாரா?" என்றேன்.

"இல்லை. வீட்டிலை நிண்ட பொடியன் எங்கடை ஒழுங்கைக்குக் கல் போடுவானாம்" என்றவர், இன்னும் இரண்டு இடியப்பம் கொண்டுவரச் சொன்னார்.