நீர் தாங்கும் பாரம்

தங்கவயல் தமிழருக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு விந்தையானது. குடிக்கும் நீர், பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வர வேண்டியிருந்தது. சுரங்கத்திலோ ஊறும் நீரை ஓயாது இறைத்தால்தான் வேலை நடக்கும். 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. இறைப்பதும் நின்றபின் அந்த ஆழங்களில் நீர் ஏறிற்று. மேலே வேண்டியும் கீழே வேண்டாமலும் நம்மவர் போராடிய அந்நீர், நமக்கொரு மருந்தாகவும் வந்து வாய்த்தது.

கோரமண்டலிலிருந்து நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறி, மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணிபுரிகிறோம். நாற்பதைக் கடந்ததும் முழங்கால் மூட்டுத் தேய்வு வந்து சேர்ந்தது. ரயிற்பெட்டியின் படியேறுவதே தவமாயிற்று. நடந்தால் வலி, நடவாதிருந்தாலோ தொடைத்தசை மெலிந்து வலி மிகும். மருத்துவர், "நீரில் நடந்து பாருங்கள்" என்றார்.

நமக்கு நீந்தத் தெரியாது. நகரத்து நீச்சற்குளமொன்றில் சிறுவர்கள் மீன்குஞ்சுகளெனப் பாய, நாம் கம்பியைப் பற்றியபடி மார்பளவு நீரில் நின்றோம். கூச்சம் பிடுங்கித் தின்றது. பாறையைத் துளைத்த பாட்டனாரின் பேரன், நடப்பதற்குத் தண்ணீரின் தயவை நாடுவதா என்ற எண்ணமும் எழுந்தது. ஆயினும் பத்தடி நடந்ததும் ஒன்று புலனாயிற்று: முழங்காலில் பாரமில்லை.

இதில் மாயமேதுமில்லை; ஆர்க்கிமிடீஸ் கண்ட மிதப்பு விதியே. இடுப்பளவு நீரில் கால்கள் தாங்கும் எடை ஏறத்தாழப் பாதியாகும். மார்பளவு நீரில் மூன்றிலொரு பங்காகும். காலை வீசினால் நீர் எதிர்க்கும். வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். ஆகவே மூட்டு நோகாமல் தசை உழைக்கிறது. ஆயினும் இது நோயை வேரறுக்கும் என்பார் சொல்லை நம்ப வேண்டா. 2016இல் 13 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், இப்பயிற்சியால் வலியும் இயலாமையும் சிறிதளவு, சிறிது காலத்திற்குக் குறைகின்றன என்றே கண்டனர்.

சிறிதளவும் பெரிதே என்பதற்கு ரூஸ்வெல்ட் சான்று. 1921இல் கால்கள் செயலிழந்த அவர், 1924 முதல் ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் வெந்நீரூற்றில் பயின்றார். துணையின்றி நடக்கும் ஆற்றல் திரும்பவேயில்லை. எனினும் உடலுக்குத் தெம்பும் உள்ளத்துக்கு ஊக்கமும் பெற்றார். 1927இல் பிற நோயாளருக்கும் அவ்விடத்தைச் சிகிச்சை நிலையமாக்கினார். 1933இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவருமானார்.

பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோர்க்குப் பாரம் சுமப்பதே பெருமையாயிருந்தது. அப்பெருமை நம் குருதியிலும் ஊறிக்கிடப்பதால், வலியை மறைப்பதையே வீரமென எண்ணுகிறோம். நம் வீட்டுப் பெண்டிரோ அதைச் சொல்வதுமில்லை. சுமந்தவர் சற்றே சாய்ந்துகொள்வது இழிவன்று. நமக்கு வலி இன்றும் உண்டு. ஆனால் வாரம் மூன்று காலைகளில், அரைமணி நேரம், அதில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமக்கிறது. எஞ்சியதை நாம் சுமந்துகொள்கிறோம்.