கீழே இறங்கிய அடுக்கு

34 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு பேத்திக்காகப் பாடங்களை இணையப் பக்கமாக எழுதினேன். கணினியில் தட்டச்சு செய்தபோது 2-இன் தலைமேல் இருந்த 10, பக்கத்தில் ஏற்றியதும் கீழே இறங்கிவிட்டது.

"தாத்தா, 210-னு போட்டுட்டு விடை 1024-ங்கறீங்களே?" என்றாள் பேத்தி.

அவளே வழியும் காட்டினாள். அடுக்கு எண்ணுக்கு முன்னும் பின்னும் 'சூப்' என்ற குறியைப் போட்டால் எண் மேலே ஏறிக்கொள்கிறது. பின்னம், வர்க்கமூலம் எல்லாம் அதற்கு அடங்காது. அதற்கு டெக் முறை. தம் புத்தகத்தின் அச்சுப்படி பிடிக்காமல்போய், டொனால்ட் கனூத் 1977-இல் உருவாக்கத் தொடங்கியது அது. 'ஃப்ராக்' என்று எழுதி, இரண்டு அடைப்புகளில் தொகுதியையும் பகுதியையும் கொடுத்தால், மேத்ஜாக்ஸ் என்ற நிரல் நடுவில் கோடு போட்டுப் பின்னமாகவே காட்டிவிடுகிறது.

இப்போது 10 சரியாக மேலே நிற்கிறது. ஆனால் மனசு கேட்கவில்லை. அடுக்கைக் கீழே இறக்கி எழுதியதற்காக எத்தனை பிள்ளைகளை முட்டி போட வைத்திருப்பேன்! அவர்களில் யாராவது இதைப் படித்தால், வாத்தியாருக்கும் அதே தப்பு வந்தது என்று தெரிந்துகொள்ளட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.